பிழைப்பும் முயற்சியும்: மும்பைத் தமிழ்ப் புனைவை முன்வைத்துச் சில சொற்பொருட் குறிப்புகள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் பேச்சுவழக்கில், ஒருவர் ஊரைவிட்டு மேற்குக் கடற்கரைப் பெருநகரத்துக்குச் சென்றதைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் தொடர் 'பம்பாய்க்குப் பிழைக்கப் போனான்' என்பதாகும். நகரின் பெயர் 1995-இல் மும்பை என மாற்றப்பட்ட பின்னரும் முதியோர் பேச்சில் இத்தொடர் மாறவில்லை. 'பம்பாய்க்கு முயலப் போனான்' என்று எவரும் கூறுவதில்லை. ஆனால் அவ்வாறு சென்றவர்களைப் பற்றிப் பின்னர் எழுதப்படும் வரலாறுகள், நேர்காணல்கள், மொழிபெயர்ப்புகள் அனைத்திலும் 'முயற்சி', 'விடாமுயற்சி' என்னும் சொற்களே முன்னிற்கின்றன. போனபோது பிழைப்பாக இருந்தது, எழுதப்படும்போது முயற்சியாகிறது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, அதனால் இழக்கப்படுவது யாது என்பதை மும்பைத் தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட சில புதினங்களைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'பிழை' என்னும் வினையின் பொருட்பரப்பு மொழியியலார் அறிந்ததே. குறி பிழைத்தது என்னுமிடத்துத் தவறுதலும், சொல் பிழைத்தான் என்னுமிடத்து நெறி வழுவுதலும், காய்ச்சலில் பிழைத்தான் என்னுமிடத்து இறப்பினின்று தப்புதலும், கடை வைத்துப் பிழைக்கிறான் என்னுமிடத்து வாழ்க்கை நடத்துதலும் பொருளாகின்றன. இவற்றை ஒரே இழையில் கோக்கும் கருத்து 'இலக்கைத் தப்புதல்' என்பதாகும். அம்பு இலக்கைத் தப்பினால் பிழை; மனிதன் சாவின் இலக்காகாமல் தப்பினால் பிழைப்பு. 'வாழ்வாதாரம்' என்னும் இன்றைய அலுவலகச் சொல்லிலும், அதற்கு மூலமான ஆங்கிலச் சொல்லிலும் இத்தப்புதற்பொருள் அறவே இல்லை. பிழைக்கப் போனவன் எதையோ அடையப் போனவன் மட்டும் அல்லன். எதனிடமிருந்தோ தப்பியவனும் ஆவான். வறட்சி, சாதிக் கொடுமை, கடன், குடும்பப் பகை என அவன் பின்னால் விட்டு வந்தவை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளன.

முயற்சி: ஒரு சொல், இரு பொருள்

'முயல்' என்னும் வினையடியிலிருந்து 'சி' விகுதி பெற்று, பயில் பயிற்சியானது போல, முயல் முயற்சியாயிற்று. இக்காலத் தமிழில் இச்சொல் இருவேறு கருத்துகளைச் சுமக்கிறது. 'கொலை முயற்சி', 'தப்பியோடும் முயற்சி' என்பனவற்றில் அது நிறைவேறாத ஒரு செயலின் தொடக்கத்தைக் குறிக்கிறது. 'அவர் முயற்சியால் பள்ளி எழுந்தது' என்பதில் நெடுங்கால உழைப்பைக் குறிக்கிறது. ஆங்கிலம் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்களைக் கொண்டுள்ளது. தமிழோ சூழலைக் கொண்டு வேறுபடுத்துகிறது. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டிய இடத்திலேதான் 'விடாமுயற்சி' என்னும் தொகை தோன்றிற்று எனலாம்.

'விடா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அயரா, தளரா, ஓயா, சலியா என்னும் அடைகளும் இவ்வகையினவே. நிலைத்த உழைப்பைத் தமிழ் பெரும்பாலும் எதிர்மறையாலேயே உணர்த்துகிறது. விடாமை, தளராமை, ஓயாமை என்று கூறும்போது, விடுதலும் தளர்தலும் ஓய்தலுமே இயல்பு என்பது குறிப்பாக ஏற்கப்படுகிறது. இயல்பாக நேரும் தளர்ச்சி நேராதிருத்தலே அங்குப் போற்றப்படுவது.

மும்பைத் தமிழரின் அண்டை மொழிகளோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. மராத்தியில் விடாமுயற்சியைக் குறிக்கும் சொல் 'சிகாட்டி' என்பது. பசைபோல் ஒட்டிக்கொள்ளுதலைக் குறிக்கும் 'சிகட்' என்பதனோடு உறவுடைய சொல் இது. ஒட்டிக்கொள்வதே அங்கு முயற்சி. அம்மொழியிலேயே 'தட்பட்' என்றொரு சொல்லும் உண்டு. விழுந்தெழுந்து அலைமோதும் உழைப்பைக் குறிக்கும் ஒலிக்குறிப்புச் சொல்லான இதற்குள் விழுதலின் ஓசையே கேட்கிறது. இந்தியில் வழங்கும் 'மெஹனத்' அரபியிலிருந்து வந்தது. அங்கு அதன் மூலப்பொருள் சோதனை, துன்பம் என்பது. தமிழ் 'உழ' என்னும் பழைய வினையும் வருந்துதலையும் உழைத்தலையும் ஒருங்கே குறித்தது. ஒரே சந்தில் நான்கு மொழி பேசும் தாராவியில் வாழும் ஒரு தமிழர், ஒட்டுதலாகவும் விழுந்தெழுதலாகவும் வருந்துதலாகவும் விடாமையாகவும் ஒரே உழைப்பைப் பெயரிடும் சொற்களைக் கேட்டுப் பழகியவர். அவரைப் பற்றி எழுதும் உரைநடையில் எஞ்சுவதோ விடாமை ஒன்றே.

குறள் அதிகாரங்களும் கூலி என்னும் சொல்லும்

முயற்சி பற்றிப் பேசுவோர் எவரும் திருக்குறளைத் தொடாமல் செல்வதில்லை. ஆயினும் அந்நூல் இப்பொருளை ஓர் அதிகாரத்தில் கூறி முடிக்கவில்லை. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என 60 முதல் 63 வரை நான்கு அதிகாரங்களாக அது விரிகிறது. பரிமேலழகர் ஊக்கத்தை மனத்தின் கிளர்ச்சியாகவும் ஆள்வினையை உடம்பின் இடைவிடாத உழைப்பாகவும் பிரித்தே பொருள் கொள்கிறார். மனம் வேறு, மெய் வேறு. சென்ற நூற்றாண்டின் தன்முன்னேற்ற நூல்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, மனம் எண்ணினால் போதும் என்னும் முடிவுக்குப் படிப்பவரைக் கொண்டு சென்றன. மேலும், இந்நான்கு அதிகாரங்களும் அரசியல் என்னும் பகுப்பில், அரசனுக்குரிய பண்புகளாக வைக்கப்பட்டவை. நாடும் படையும் பொருளும் உடையவனுக்குக் கூறப்பட்ட அறிவுரை, கைப்பொருள் இல்லாமல் தாதர் நிலையத்தில் இறங்குபவனுக்கும் அவ்வாறே பொருந்துமா என்று நம் மேடைப் பேச்சாளர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

ஆள்வினையுடைமை அதிகாரத்தின் தலைப்பைப் போப் தம் 1886-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் ஆண்மை சார்ந்த முயற்சி என்று பொருள்படும்படி அமைத்தார். 'ஆள்' என்பதில் ஆளுதலும் உண்டு, ஆளாகிய மனிதரும் உண்டு. ஆண்மை அதன் ஒரு கூறே. விக்டோரியா காலத்து ஆங்கிலத்தில் அத்தலைப்பு இயல்பாக ஒலித்திருக்கலாம். இன்று அதனைப் பின்பற்றுவது தாராவியில் விடியுமுன் மாவரைத்து இட்டிலி அவித்துத் தரும் பெண்ணை அவ்வதிகாரத்திலிருந்து வெளியே நிறுத்துவதாகும். மிதிவண்டியில் அலுமினியப் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு, இரப்பர் ஊதுகுழலை ஒலித்துத் தெருத்தெருவாக விற்பவர் ஆண். பத்திரிகைகளில் இடம்பெறும் ஒளிப்படமும் அவருடையதே. அவித்தவரின் உழைப்பு 'வீட்டு வேலை' என்னும் பெயரிலேயே நின்றுவிடுகிறது.

அவ்வதிகாரத்தின் இறுதியில் அமைந்த மூன்று குறட்பாக்கள் நுணுகி நோக்கத்தக்கவை. நல்லூழ் இல்லாமை பழியன்று, முயலாமையே பழி என்று ஒன்று கூறுகிறது. தெய்வத்தால் கைகூடாத போதும் முயற்சியானது உடம்பு வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்று அடுத்தது கூறுகிறது. சோர்வின்றி முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்று மூன்றாவது முழங்குகிறது. மேடைகளில் ஒலிப்பது மூன்றாவது. பள்ளிச் சுவர்களில் எழுதப்படுவது இரண்டாவது. ஆனால் இரண்டாவது குறள் அளிக்கும் உறுதி எத்துணை அடக்கமானது என்பது கவனிக்கப்படுவதில்லை. அது வெற்றி தருவதாகக் கூறவில்லை. கூலி தருவதாகவே கூறுகிறது. கூலியளவு என்றே பரிமேலழகரும் வரையறுக்கிறார். போப் இவ்விடத்தில் வெகுமதி என்னும் பொருளுடைய சொல்லை ஆள்கிறார். வெகுமதி கொடுப்பவர் விருப்பத்தைச் சார்ந்தது. கூலி செய்தவர் உரிமையைச் சார்ந்தது. உரிமையாக இருந்தது மொழிபெயர்ப்பில் பரிசாகிவிட்டது.

'கூலி' என்னும் சொல்லின் பயணமும் மும்பையோடு தொடர்புடையது. தமிழில் அது உழைப்புக்குரிய ஊதியத்தின் பெயர். ஆங்கிலத்திலும் இந்தியிலும் அதனோடு ஒலியொத்த சொல் சுமை தூக்கும் ஆளின் பெயர். இவ்வாங்கிலச் சொல்லின் மூலம் பற்றி, யூல், பர்னல் ஆகியோர் 1886-இல் வெளியிட்ட ஆப்சன்-சாப்சன் அகராதி இரு கருத்துகளைத் தருகிறது: ஒன்று மேற்கிந்தியாவின் கோலி இனத்தார் பெயர், மற்றொன்று தமிழ்க் கூலி. தாராவியோ பழமையான கோலிவாடாக்களுள் ஒன்று. கழிமுகத்தில் மீன்பிடித்து வாழ்ந்த கோலியரின் குடியிருப்புக்கு அருகில்தான் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலோடு தமிழர் வந்து சேர்ந்தனர். ஒரு சொல்லின் மூலத்துக்கு உரிமை கோரும் இரு தரப்பினரும் ஒரே சதுப்பின் கரையில் குடியிருந்தனர். சொற்பிறப்பு வழக்கை இது தீர்த்துவைக்காது என்பது உண்மையே.

மூன்று தலைப்புகள்

மும்பையைக் களமாகக் கொண்ட தமிழ்ப் புதினங்களுள் முயற்சியைப் பற்றி ஆழ்ந்து சிந்திப்பவை நாஞ்சில்நாடனுடையவை என்பது என் கருத்து. குமரி மாவட்டத்து வீரநாராயணமங்கலத்தில் பிறந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்காக மும்பை சென்று, அங்கிருந்துகொண்டே எழுதத் தொடங்கியவர் அவர். 'மிதவை' (1986), 'சதுரங்கக் குதிரை' (1993), 'எட்டுத் திக்கும் மதயானை' (1998) ஆகிய மூன்றும் ஊரைவிட்டுப் புறப்பட்ட இளைஞர் ஒருவரை மையமாகக் கொண்டவை. படித்து வேலை தேடும் பட்டதாரி, மணமாகாமலே நடுவயதைக் கடக்கும் ஊழியர், ஊரில் நேர்ந்த அவமானத்தால் தப்பியோடும் பூலிங்கம் என மையப் பாத்திரங்கள் வேறுபட்டாலும், தலைப்புகள் மூன்றும் ஒரே சிந்தனையைச் சுட்டுகின்றன.

மிதவைக்கு இயக்கம் உண்டு. திசை அதனுடையது அன்று. சதுரங்கக் குதிரைக்குத் திசை உண்டு. நேர்வழி இல்லை, கட்டங்களை வரைந்தவர் பிறர். மதயானைகள் எட்டுத் திக்கிலும் நிற்கையில், எத்திசையில் முயன்றாலும் எதிர்ப்படுவது அவற்றுள் ஒன்றே. மூன்று தலைப்பிலும் இயக்கம் இருக்கிறது, ஆளுகை இல்லை. 'ஆள்வினை' என்பதில் வினையை வைத்துக்கொண்டு ஆளுதலை நீக்கினால் எஞ்சுவது எதுவோ, அதுவே இப்புதினங்களின் பொருள்.

இதனை இலக்கண நோக்கில் தெளிவாக்கலாம். 'முயன்றால் கிடைக்கும்' என்பது நிபந்தனை. 'முயன்றாலும் கிடைக்காது' என்பது விட்டுக்கொடுப்புத் தொடர். முயற்சி நிகழ்ந்ததா என்பதை அது கூறுவதில்லை. 'முயன்றும் கிடைக்கவில்லை' என்பதோ முயற்சி நிகழ்ந்துவிட்டது என்பதை மறுக்கவியலாத உண்மையாக முன்வைத்து, விளைவை மட்டும் மறுக்கிறது. வினையெச்சத்தோடு சேரும் அவ்வும்மைக்கு இவ்வாற்றல் உண்டு. தன்முன்னேற்ற நூல்கள் முதல் தொடரில் பேசுகின்றன. சோம்பியவனுடைய சமாதானம் இரண்டாம் தொடரில் அமைகிறது. நாஞ்சில்நாடனின் கதையமைப்பு மூன்றாம் தொடரைச் சார்ந்தது. அவருடைய மனிதர்கள் முயலாதவர்கள் அல்லர். விண்ணப்பம் அனுப்புகிறார்கள், அறை பங்கிட்டுக்கொள்கிறார்கள், மின்தொடர்வண்டியில் நின்றபடியே பயணம் செய்கிறார்கள், ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களைச் சோர்வுவாதியின் படைப்புகள் என்று கூறுவோர் இரண்டாம் தொடருக்கும் மூன்றாம் தொடருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காணத் தவறியவர்கள். முயற்சி வீண் என்று இப்புதினங்கள் எங்கும் கூறவில்லை. முயற்சியும் பயனும் தனித்தனியே அளக்கப்பட வேண்டியவை என்பதே அவற்றின் நிலைப்பாடு. முன்னர்க் கண்ட இரண்டாவது குறளின் நிலைப்பாடும் அதுவே.

இப்பின்னணியில், 'எட்டுத் திக்கும் மதயானை' ஆங்கிலத்தில் 'அகெய்ன்ஸ்ட் ஆல் ஆட்சு' என்னும் தலைப்பில் வெளிவந்தமை மொழிபெயர்ப்பாளர்கள் ஆராயத்தக்கது. தமிழ்த் தலைப்பை அவ்வாறே பெயர்த்தால் ஆங்கில வாசகருக்குத் திசையானைத் தொன்மமும் மதத்தின் அச்சமும் எட்டா. ஆகவே பழகிய மரபுத்தொடர் ஒன்றைத் தேர்ந்தது வணிக நோக்கிலும் வாசிப்பு நோக்கிலும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அம்மரபுத்தொடர் ஆங்கிலத்தில் நடுநிலையானதன்று. எல்லாத் தடைகளையும் மீறி ஒருவர் வென்றார் என்னும் வாக்கியத்தின் முற்பகுதியாகவே அது வழங்குகிறது; பிற்பகுதியைக் கூறாவிட்டாலும் கேட்பவர் மனத்தில் வெற்றி தோன்றிவிடும். தமிழ்த் தலைப்பில் வினையே இல்லை. யானைகள் நிற்கின்றன, அவ்வளவே. சூழ்நிலையைக் கூறிய தலைப்பு, மனிதனின் எதிர்ப்பாற்றலைக் கூறும் தலைப்பாக மாறியது. பூலிங்கம் குற்ற உலகின் விளிம்பு வரை அடித்துச் செல்லப்படுவதைப் படிக்கும் ஆங்கில வாசகர், அதனை ஒரு முன்னேற்ற வரலாற்றின் இடைநிலையாகக் கொள்ளும் வாய்ப்பு உண்டு. யானையைத் தலைப்பில் விட்டுவைத்து, திசைகளை விளக்கிக் கூறும் பொறுப்பைப் பனுவலிடமே ஒப்படைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

திரைப்படங்கள் இம்மனிதரை வேறு வகையில் கையாண்டன. 'நாயகன்' (1987), 'காலா' (2018) ஆகிய இரண்டிலும் தாராவித் தமிழர் தனி மனிதராக உயரவில்லை, காவலராக உயர்கிறார். அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

நிபந்தனைத் தொடரின் உரைநடை

அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி' முதல் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' வரை தமிழில் தன்முன்னேற்ற உரைநடைக்கு ஒரு மரபு உண்டு. எளிய, சிறு வாக்கியங்களாலான அந்நடையைத் தமிழ் உரைநடை வரலாறு எழுதியோர் போதிய அளவு மதிப்பிடவில்லை. சிற்றூர் நூலகங்களில் புதினங்களைவிட மிகுதியாகக் கைபட்டுக் கிழிந்தவை அந்நூல்களே. எனினும் அந்நடையின் அடித்தளம் 'ஆல்' என்னும் நிபந்தனை ஈறு. எண்ணினால், உழைத்தால், துணிந்தால் என அது அடுக்கிச் செல்கிறது.

இம்மரபில் வைத்து எழுதப்படுவதற்கு மிகப் பொருத்தமான வாழ்க்கை பிரேம் கணபதியுடையது. தூத்துக்குடி மாவட்டத்து நாகலாபுரத்தைச் சேர்ந்த இவர், 1990-இல் தம் 17-ஆம் வயதில், வேலை வாங்கித் தருவதாகக் கூறிய ஒருவரோடு மும்பைக்குச் சென்று, பாந்திராவில் தனியே விடப்பட்டார். மாகிமில் ஓர் அடுமனையில் பாத்திரம் கழுவினார்; 1992-இல் வாசியில் தள்ளுவண்டியில் இட்டிலி, தோசை விற்கத் தொடங்கினார்; பின்னர் அங்கேயே 'தோசா பிளாசா' என்னும் கடையை நிறுவி, அதனைப் பல கிளைகளாகவும் வெளிநாட்டுக்கும் விரித்தார். நாளிதழ்களிலும் வணிக இதழ்களிலும் பலமுறை அச்சான இவ்வரலாற்றில், பாந்திராவில் தவித்து நின்ற சிறுவனைக் கோயிலொன்றில் இருந்த தமிழர்கள் கண்டு, ஊர் திரும்பப் பயணச்சீட்டுக்குப் பணம் திரட்டித் தர முன்வந்ததும், அவர் திரும்ப மறுத்ததும் இடம்பெறுகின்றன. வரலாறு சுருக்கப்படுந்தோறும் முதலில் உதிர்வது இப்பகுதியே. பாத்திரம் கழுவியவர் கோடீசுவரரானார் என்னும் இரு முனைகளே எஞ்சுகின்றன. பயணச்சீட்டுக்குப் பணம் திரட்ட முன்வந்தவர்கள் இல்லாமல் போகும்போது, மறுத்தமையின் துணிவும் பொருளிழக்கிறது. மறுப்பதற்கு ஒன்று கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் அன்றோ?

'முன்னுக்கு வந்தார்', 'தலையெடுத்தார்', 'கரையேறினார்', 'காலூன்றினார்' எனத் தமிழில் வழங்கும் மரபுத்தொடர்களை இவ்விடத்தில் நினைவுகூரலாம். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவோர் இவற்றை விடுத்து 'சாதித்தார்', 'வெற்றிக்கொடி நாட்டினார்' என்பனவற்றையே நாடுகின்றனர். காலூன்றுதலில் மண் வேண்டும். கரையேறுதலில் கைகொடுப்பவர் இருக்கலாம். 'தாள்' என்னும் சொல் காலையும் முயற்சியையும் ஒருங்கே குறித்ததையும், 'தாளாண்மை' என்னும் பழஞ்சொல் அதனடியாக எழுந்ததையும் எண்ணும்போது, காலூன்றுதல் என்பது தாளாண்மையின் இன்றைய வாரிசு எனலாம்.

மாட்டுங்காவின் நிலை சற்று வேறானது. பிளேக் நோய்க்குப் பின் நகர மேம்பாட்டு வாரியம் மனைகளாக வகுத்த பகுதி அது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வந்த தமிழர்கள் அங்குக் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றிற்று. செம்பூரும் பின்னர் இவ்வாறே நிறைந்தது. இவர்கள் தம் நிலையைத் 'திறமை' என்னும் சொல்லால் விளக்கினர். 1966-இல் சிவசேனை தோன்றியபோது அதே நிலை 'பறிப்பு' என்று பெயர் பெற்றது. நிறுவனங்களில் பணியாற்றிய தென்னிந்தியர் பெயர்கள் 'மார்மிக்' இதழில் பட்டியலாக அச்சிடப்பட்டன. ஒருவர் முயற்சி மற்றொருவருக்கு இழப்பாகத் தோன்றும் நகரத்தில், முயற்சி என்னும் சொல்லை எவர் கூறுகிறார் என்பதும் அதன் பொருளின் பகுதியாகிறது.

தகுதி என்னும் சொல்

இவ்வாய்வு வெறும் இலக்கிய ஆர்வம் பற்றியதன்று. தாராவியின் பெரும்பகுதி சதுப்பு நிலமாக இருந்தது. குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கி அதன்மேல் வீடு கட்டியவர்கள் அங்குக் குடியேறியவர்களே. மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஒப்பந்தப்புள்ளியில் 2022-இல் அதானி குழுமம் தேர்வுபெற்ற பின், வீடுவீடாகக் கணக்கெடுப்பு நடைபெற்றது. 2000 சனவரி 1-ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று உடையோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம்; ஏனையோர்க்கு வேறு விதிகள். இவ்விரு பிரிவினரையும் மராத்தி அலுவலக வழக்கு 'பாத்ர', 'அபாத்ர' என்று குறிக்கிறது. தமிழ் பேசுவோர்க்கு இவற்றை விளக்க வருவோர் 'தகுதியுடையோர்', 'தகுதியற்றோர்' என்று கூறுகின்றனர். அகராதியளவில் இது சரியே.

ஆனால் தமிழில் 'தகுதி' என்பது பெரும்பாலும் ஒருவர் ஈட்டிக்கொள்வது. படித்துத் தகுதி பெறுகிறோம், உழைத்துத் தகுதி பெறுகிறோம். எனவே 'தகுதியற்றவர்' என்னும் சொல் கேட்பவர் காதில், முயலாதவர், ஏற்றத்துக்கு உரியவரல்லர் என்னும் இழிவோடு விழுகிறது. அங்குக் கூறப்படுவதோ ஒரு நாளுக்கு முந்திய சான்று இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே. இருபது ஆண்டு மாவரைத்தவரும் இச்சொல்லின்படி தகுதியற்றவராகலாம். பழைய 'பாத்திரர்' வடிவும் உதவாது. சமயச் சொற்பொழிவுகளால் 'அருளுக்குப் பாத்திரர்' என்னும் பொருள் அதில் படிந்துவிட்டது. 'வரம்பு நாளுக்கு உட்பட்டோர்', 'வரம்பு நாளுக்கு உட்படாதோர்' என்னும் தொடர்கள் நீளமானவை, அழகற்றவை. ஆயினும் நாளைப் பற்றிய செய்தியை மனிதரைப் பற்றிய தீர்ப்பாக மாற்றுவதில்லை. தாராவிக் குடியிருப்போர்க்கான தமிழ் அறிவிப்புகளை எழுதுவோர் இவற்றை ஆண்டு பார்க்கலாம்.